பைன் மரத்தடியில் தீ வேண்டாம்: முகாம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து சனி, ஞாயிறுகளில் கூட்டம் சேர்த்து மலைக்கு முகாம் அழைத்துப் போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் போஸ்டர்களை நன்றாகத் தெரியும். கல்லூரியில் படிக்கும் என் மகள் வாரத்துக்கு இரண்டாவது காட்டிவிடுவாள். ஓர் ஏரி, பின்னால் வரிசையாகப் பைன் மரங்கள், முன்னால் ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், நடுவில் ஆளுயரத்துக்கு எரியும் நெருப்பு. கீழே எல்லா போஸ்டரிலும் ஒரே பட்டியல்: டென்ட், கேம்ப்ஃபயர், பார்பிக்யூ, மியூசிக், போக வர வேன். ஏரியின் பெயர் மட்டும் மாறும். சில சமயம் அதுவும் இருக்காது, 'ரகசிய ஏரி' என்று போட்டிருக்கும்.

நான் எழுத வந்தது நடுவில் எரியும் அந்த நெருப்பைப் பற்றி.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். எது எப்போது எதனால் பற்றிக்கொள்ளும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இருபது வருஷமாக என் வேலை. வீட்டில் இதற்காக நிறையக் கேலி உண்டு. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காருவதற்கு முன்பே, அவசரம் என்றால் வெளியே போக வழி எங்கே என்று தேடுகிறவன் நான். அதனால் கொஞ்சம் ஓவராகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி கடைசியில், பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில், உங்களைப் போன்ற ஒரு குழுவோடு நானும் மகளும் போனோம். யார் என்று சொல்லப்போவதில்லை. நல்ல பிள்ளைகள், பேச்சில் மரியாதை, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. வெள்ளி இரவு கிண்டியில் இரண்டு வேன், 24 பேர். விடியும்போது வத்தலக்குண்டில் டீ. கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைப் பக்கம் போய், மதியத்துக்குள் ஓர் ஏரிக்கரையில் இறங்கினோம்.

அந்த இடத்தின் அழகைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முதலில் பட்டது தரை. கால் வைத்தால் சத்தமே இல்லை, மெல்ல உள்ளே போகிறது. "மெத்தை மாதிரி இருக்குல்ல அங்கிள்" என்றான் கூட வந்த பையன். குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். நடுவிரல் முழுக்க உள்ளே போயும் மண் தட்டவில்லை. அவ்வளவும் பைன் சருகு. மேலே இருந்தது பொரித்த சேமியா போல மொரமொரவென்று இருந்தது. மழை விட்டுப் பல நாளாகியிருந்தது.

சாயங்காலம் அந்த மெத்தையின் மேலேயே கல்லை வட்டமாக அடுக்கினார்கள். விறகை நட்டார்கள். ஒரு பையன் கேனில் இருந்து டீசல் ஊற்றினான். குப்பென்று பிடித்து நெஞ்சுயரத்துக்கு எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், என் மகளும்தான். எனக்கு மட்டும் கண் மேலேயே இருந்தது. பொறிகள் எழும்பி, பழைய சருகு தொங்கிக்கொண்டிருந்த கீழ்க்கிளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. இருட்டியதும் காற்று திசை மாறியது. ஏற்பாட்டாளரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "அங்கிள், ஏரி பக்கத்துலதானே இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றார். ஏரி அறுபது அடி தூரத்தில்தான் இருந்தது, வாஸ்தவம். தண்ணீர் மொண்டு வர மொத்த முகாமுக்கும் இருந்தது ஒரே வாளி. அதில் எச்சில் தட்டு ஊறிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு எல்லோரும் கூடாரத்துக்குள் போனார்கள். நெருப்பின் மேல் இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றினார்கள். புஸ்ஸென்றது, கறுத்தது. "அணைஞ்சிடுச்சு" என்றார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேல்மலைக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு நிற்கிறார். ஐம்பது வயது இருக்கும். "மேல ஊத்துனா பத்தாது சார். அடியில போயிருக்கும்" என்றார்.

போயிருந்தது. கல் வட்டத்துக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி அவர் சருகைப் புரட்டினார். அடியில் சிவப்பாகக் கங்கு. புகைகூட இல்லை. இன்னொரு பக்கம் புரட்டினார், அங்கேயும். நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை முறை பேச்சில் சொல்லியிருப்பேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் வெட்டிக் கிளற, நான் ஊற்ற, மறுபடியும் கிளற, மறுபடியும் ஊற்ற. முப்பது வாளிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று நாங்கள் நிமிர்ந்தபோது மணி ஒன்றரை. மறுபடி காலையில் ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஓர் இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது, அது ஏன் அப்படி ஆனது என்பது. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பைன் மரம் பிசின் மரம். பெயின்ட் அடிக்கிறவர்கள் கலக்கும் டர்பன்டைன் அந்தப் பிசினிலிருந்து வடிப்பதுதான். சால்டரிங் வைக்கிறவர்கள் தொட்டுக்கொள்ளும் ரோசினும் அதே பிசினின் மிச்சம்தான். எங்கள் ஆலையில் டர்பன்டைன் டப்பாவைப் பூட்டி வைக்கிறோம், பக்கத்தில் செல்போன்கூடக் கூடாது. அதே சரக்கு ஊசி ஊசியாக, காய்ந்து, இடையில் காற்று புகும்படி தளர்வாக, விரலாழத்துக்கு விரித்துக் கிடக்கிறது. அதன் மேல் டீசல் ஊற்றிப் பற்றவைக்கிறோம். மா, புங்கைச் சருகு போல இது ஒரு மழையில் மக்கிப் போகவும் செய்யாது. மேலடுக்கு குப்பென்று எரியும். அழுத்தமாகக் கிடக்கும் கீழடுக்கு, கொசுவர்த்திச் சுருள் மாதிரி, சத்தமில்லாமல் நாள்கணக்கில் கனன்று நகரும். நீங்கள் ஞாயிறு மதியம் கூடாரத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். அது செவ்வாய்க்கிழமை காற்றடிக்கும்போது மேலே வரலாம்.

கல் வட்டம் இதைத் தடுக்காது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். கல் மேலே ஓடும் தீயைத்தான் தடுக்கும்.

எங்கள் ஆலையில் ஒருவர் வெல்டிங் வைக்க வேண்டும் என்றால் முதலில் என்னிடம் 'ஹாட் ஒர்க் பெர்மிட்' எழுதி வாங்க வேண்டும். சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத துணியால் மூட வேண்டும். பக்கத்தில் தீயணைப்பானோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அவர் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். இத்தனையும் எதற்கு? சிமென்ட் தரையில் விழும் கடுகளவு பொறிக்கு. சனிக்கிழமை இரவு நீங்கள் நடத்தும் வேலைக்கு இந்தப் பெர்மிட்டை என்னிடம் கொண்டுவந்தால் முதல் வரியிலேயே கிழித்திருப்பேன்.

போகிக்கு நம் தெருவில் கொளுத்துவதில்லையா என்று ஒருவர் என்னைக் கேட்டார். கொளுத்துகிறோம், புகையில் ஊரே இருமுகிறது, அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் அங்கே கீழே தார் ரோடு. கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவதும் கோயிலுக்கு வெளியே வெட்டவெளியில்தான். கீழே எரிவதற்கு எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் நம் பெரியவர்கள் நெருப்பு வைத்தார்கள்.

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு, சரிவு. தீ மேல்நோக்கி ஓடும்போது மேலே இருப்பதை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போகும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் கைக்கணக்கு. 30 டிகிரி சரிவில் அது எட்டு மடங்கு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி, உங்களுக்கு மறந்திருக்காது. அன்று காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் பலர் நம் சென்னையிலிருந்து போனவர்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதையும் உங்கள் கேம்ப்ஃபயரையும் ஒன்றாக்கிப் பேசவில்லை. மலையில் நெருப்பு ஓடத் தொடங்கினால், இளவயதுக்காரர்களும் அதை ஓடி ஜெயிக்க முடியாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். நீங்கள் கூட்டிப் போகிற 24 பேரில் பாதிப் பேர் சாண்டல் செருப்பில் வந்தவர்கள்.

உங்கள் சீசனும் தீயின் சீசனும் ஒன்று என்பதையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடியும். பொங்கல் லீவில் தொடங்கும் உங்கள் புக்கிங் மே வரைக்கும் நிறைந்திருக்கும். மலை காய்ந்துகொண்டே போவதும் அதே மாதங்களில்தான். வனத்துறை அந்தச் சமயத்தில், தீ தாண்டாதபடி செடியையும் சருகையும் அகற்றி, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிக்கொண்டிருக்கும். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து ஆன்லைனில் அனுமதி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த பிப்ரவரி நடுவில் அதே பாதைகளைத் தீக்காலம் என்று இரண்டு மாதம் மூடியும் வைத்தது. அரசு தன் வருமானத்தையே நிறுத்திக்கொண்டு மூடுகிற மாதங்களில் நாம் டீசல் கேனோடு போகிறோம்.

சட்டத்தைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கிய தமிழ்நாடு வனச் சட்டம் 1882ஆம் ஆண்டுடையது. கொடைக்கானலைச் சுற்றியுள்ள காட்டின் பெரும்பகுதி 2013இலிருந்து வனவிலங்குச் சரணாலயம். அங்கே விதி இன்னும் கடுமை. "இது பட்டா நிலம் சார்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. இருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பட்டாவுக்கு அடுத்த வேலிக்குப் பின்னால் இருப்பது யாருடையது என்று வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். பறக்கிற பொறி சர்வே நம்பர் பார்க்காது.

இன்னொரு வாதம் எங்கள் வேனிலேயே கேட்டேன். "பைன் ஒரிஜினல் காடே இல்ல, நட்டது. எரிஞ்சாலும் என்ன இப்போ?" முதல் பாதி சரி. கொடைக்கானலில் பைன் நடுவதை 1906இல் தொடங்கியவர் பிரையன்ட் என்ற வன அதிகாரி. அங்கே இருக்கும் பூங்காவுக்கும் அவர் பெயர்தான். பிறகு மலை முழுக்க நட்டதில் நிறைய இடத்தில் நாம் பார்ப்பது மெக்சிகோவிலிருந்து வந்த இனம், ஊசி தலைமுடி மாதிரி தொங்குமே, அது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும். மிச்சமிருக்கும் சோலைகள் இந்தப் பைனுக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல் இருக்கின்றன. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஏரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே அவைதான். நட்டதை வெட்டுவதா வைப்பதா என்று யோசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பார்பிக்யூ முடிவு செய்ய வேண்டாம்.

சரி, உங்கள் பக்கம் வருகிறேன். கேம்ப்ஃபயர் இல்லை என்று போட்டால் யார் வருவார்கள், கேட்பதே அதைத்தானே என்பீர்கள். என் மகளும் அதைத்தான் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். மக்கள் கேட்பது இரண்டு. ஒன்று, கூடி உட்கார ஒரு நடு. இன்னொன்று, குளிருக்குச் சூடு. இரண்டாவதை நெருப்பு சரியாகக் கொடுப்பதே இல்லை. முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். பதினோரு மணிக்கு அணைத்த பிறகு, விடிகாலை நாலு மணிக் குளிருக்கு அது எந்த உதவியும் செய்யாது.

குளிர் நிஜமான பிரச்சினை, அதில் நீங்கள் இன்னும் கவனம் வைக்க வேண்டும். கடலிலிருந்து 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி இறங்கும். கொடைக்கானல் ஊரே 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது மெரினாவில் இருப்பதைவிடப் பதிமூன்று, பதினாலு டிகிரி குறைவு. ஏரிக்கரையில் இன்னும் மோசம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளம் என்றால் ஏரிதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி வெள்ளையாகப் படிவதும் இப்படிப்பட்ட தாழ்ந்த புல்தரையில்தான். போட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்று கூடாரத்தை மலையிலேயே ரொம்பக் குளிரான இடத்தில் போடுகிறீர்கள். முப்பது, நாற்பது அடி உயரத்தில் மேட்டில் போட்டாலே வித்தியாசம் தெரியும், ஏரியும் தெரியும்.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு கம்பளி, அடியில் ஒரு தார்ப்பாய். உடம்புச் சூட்டை முதலில் இழுப்பது தரை. மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் அடியில் தடிமனான ஃபோம் பாய் இல்லாவிட்டால் பயனில்லை. வேர்த்த பனியனை மாற்றிவிட்டுப் படுங்கள், காதை மூடுங்கள், வெந்நீர் பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கிளம்பும் முன்பே ஒரு செய்தி அனுப்பினால் போதும். எங்கள் வேனில் ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்கள் ஆறு பேர். அவர்கள்தான் நெருப்பை விட்டு நகரவே இல்லை.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மிச்சக் கரியைத் தகரத்தில் போட்டுக் கூடாரத்துக்குள் வைக்க விடாதீர்கள். எங்களோடு வந்த இரண்டு பேர் அதைச் செய்யப் பார்த்தார்கள். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

கூடி உட்கார ஒரு நடு வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதற்கும் அன்று ராத்திரி ஒன்று பார்த்தேன். நெருப்பை முழுசாக அணைத்து, டார்ச்சையும் நிறுத்திவிட்டு அந்த மேல்மலைக்காரரும் நானும் ஈரத் தரையில் குந்தியிருந்தோம். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாகும். பழகியதும் தலைக்கு மேலே அத்தனை நட்சத்திரம். மேற்கே சாய்ந்துகொண்டிருந்த திருவாதிரை சிவப்பாக, அதன் சிவப்பு நன்றாகத் தெரியும்படி. அம்பத்தூர் மொட்டைமாடியில் எண்ணினால் இருபது தேறாது. 24 பேர் 530 கிலோமீட்டர் வந்து, அந்த வானத்துக்குக் கீழே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, கண் கூசி, எதையும் பார்க்காமல் தூங்கப் போய்விட்டார்கள். மகளை எழுப்பிக் காட்டினேன். கம்பளியோடு வந்து அரை மணி நேரம் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு மங்கலான லாந்தர், அடுப்பில் காய்ச்சிய சுக்குக் காபி, நட்சத்திரம் தெரிந்த ஒருவர். இதையும் விலை வைத்து விற்கலாம்.

ஏரியைப் பற்றி ஒன்றே ஒன்று. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் இருக்கும் பேரிஜம் ஏரித் தண்ணீர் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. மலை ஏரி ஒவ்வொன்றுக்கும் கீழே இப்படி யாராவது குடம் வைத்துக் காத்திருப்பார்கள். 2019இல் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீருக்கு நின்ற ஊர்க்காரர்கள் நாம். அதனால் சோப்பு, எச்சில் தட்டு, கழிவறை மூன்றையும் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வையுங்கள். கழிவறை என்று கூடாரம் மட்டும் நட்டால் ஆகாது, குழியும் மூடுவதற்கு மண்ணும் வேண்டும். பெண்கள் எங்கே போவார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். என் மகள் கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. ஸ்பீக்கரைப் பற்றி நான் எழுதவில்லை, காட்டெருமை வந்து நின்றால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பைன் காட்டில், எந்த மாதமானாலும், தரையில் நெருப்பு வேண்டாம். சமைக்க வேண்டுமென்றால் சருகே இல்லாத பாறையிலோ வெறும் மண்ணிலோ கேஸ் அடுப்பு, பக்கத்தில் நிறைந்த வாளிகள் நாலு, ஒரு மண்வெட்டி. வேறு யாராவது போட்டுவிட்டுப் போன நெருப்பை அணைக்க நேர்ந்தால் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், கல் வட்டத்துக்கு வெளியே மூன்று அடி வரைக்கும் புரட்டிப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம், அந்தப் போஸ்டர். கேம்ப்ஃபயர் என்ற சொல்லையும் நடுவில் எரிகிற அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள். போஸ்டரில் இருந்தால் கேட்பார்கள், கேட்டால் நீங்கள் மூட்டித்தான் ஆக வேண்டியிருக்கும்.

மகள் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி இப்போதே நச்சரிக்கிறாள். உங்களில் யாருடைய போஸ்டரில் அந்தச் சொல் இல்லையோ, அவருக்கு இரண்டு சீட் உறுதி. வாளியை நானே கொண்டுவந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து ஓர் அப்பா